வெட்கம் வேண்டாம், சொல்லுங்கள்

(கற்போர் கூட்டத்தில் பேசிய பேச்சு)



இன்று நான் பேசப்போகும் விஷயத்தைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

மனைவி கணவனை அடிப்பது உண்டா? உண்டு.

சினிமாவில் மனைவி பூரிக்கட்டையை எடுப்பாள். கணவன் ஓடுவான். நாம் கைதட்டுவோம். ஆனால் வீட்டில் விழும் அடி வலிக்கும். அங்கே கைதட்ட யாரும் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் வீட்டுக்குள் அதிகம் அடிபடுவது பெண்கள்தான். 2019-21-இல் தேசியக் குடும்ப நல ஆய்வு நடந்தது. கல்யாணமான பெண்களில் 100-க்கு 29 பேர், கணவன் கையால் கொடுமை அனுபவித்ததாகச் சொன்னார்கள். அந்தக் கொடுமை ஒழிய வேண்டும். ஆனால் அடிபடும் ஆணும் மனிதன்தான். அவன் வலியைப் பேசுவதால் பெண்ணின் வலி சிறியதாகிவிடாது.

ஒரு கதை சொல்கிறேன். இது ஒருவர் கதை அல்ல. பலர் கதையைச் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரு விசைத்தறித் தொழிலாளி அரசு மருத்துவமனைக்கு வந்தார். முதுகில் தீக்காயம். மனைவியும் கூட வந்திருந்தார்.

“எப்படிப் பட்டது, அண்ணே?” என்று செவிலியர் கேட்டார்.

“சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டிவிட்டது, சிஸ்டர்.”

செவிலியர் யோசித்தார். சோறு வடிப்பவருக்குக் கையில் கொட்டும். காலில் கொட்டும். முதுகில் எப்படிக் கொட்டும்? பழைய சீட்டைப் பார்த்தார். அதே ஆண்டில் இது மூன்றாவது காயம்.

அவர் அதட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. “கட்டுப் போட வேண்டும். அம்மா, நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்” என்றார். கதவைச் சாத்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அண்ணே, வீட்டில் யாராவது உங்களை அடிக்கிறார்களா?”

வெகு நேரம் பதில் இல்லை. பிறகு அவர் சொன்னார்: “வெளியே சொன்னால், நீ ஆம்பிளையா என்று கேட்பார்கள், சிஸ்டர்.” சொல்லிவிட்டு அழுதார்.

அந்த ஒரு கேள்வி ஒரு கதவைத் திறந்தது.

டாக்டர் காயத்தை முழுதாகப் பார்த்தார். எந்த இடத்தில், எவ்வளவு பெரிது, எப்படிப் பட்டது என்று எல்லாம் எழுதினார். அவர் சொன்ன உண்மையையும் எழுதினார். இந்தக் காகிதம் முக்கியம். பின்னால் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் இதுதான் சாட்சி.

பிறகு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். ஆலோசகர் நியாயம் பேச உட்காரவில்லை. முதலில் சில கேள்விகள் கேட்டார்.

இன்று இரவு எங்கே படுப்பீர்கள்? பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்கள்? செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? திருப்பி அடிக்க வேண்டும் என்று ஆத்திரம் வருகிறதா?

ஏன் இப்படிக் கேட்டார்? அடியை மூடி வைத்தால் அது வேறு வழியில் வெடிக்கும். சிலர் குடிக்கிறார்கள். சிலர் கத்தியை எடுக்கிறார்கள். சிலர் கயிற்றை எடுக்கிறார்கள். 2022-இல் நம் நாட்டில் சுமார் 1,70,000 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். 10 பேரில் 7 பேர் ஆண்கள். காரணங்களில் முதலில் நிற்பது குடும்பப் பிரச்சினை. எல்லாம் அடியால் நடந்தவை அல்ல. ஆனால் வாய்விட்டுச் சொல்லாத துயரம் ஆளைத் தின்றுவிடும்.

அந்தத் தொழிலாளி சில நாள் அண்ணன் வீட்டில் தங்க ஏற்பாடு ஆயிற்று. ஆதார் அட்டை, பாங்குப் புத்தகம், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஆலோசகர் மனைவியிடமும் பேசினார். தனியாகத்தான் பேசினார். இருவரையும் சேர்த்து உட்கார வைத்தால், அடிபட்டவர் பயத்தில் வாய் திறக்க மாட்டார். “அவர் உங்களை அடித்தது உண்டா?” என்று அந்த அம்மாவிடமும் கேட்டார். இல்லை என்றார். கடன், தூக்கம் இல்லாமை, அடக்க முடியாத கோபம் என்று அவருக்கும் குறைகள் இருந்தன. குறைகளுக்கு வழி தேடலாம். அதற்காகக் கைநீட்டலாமா? கூடாது. ஆணும் கூடாது. பெண்ணும் கூடாது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

2005-இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. அது பெண்களுக்கானது. கணவன் அதில் மனுப் போட முடியாது. ஆனால் வேறு வழிகள் உண்டு.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. அதன் 115-ஆவது பிரிவின்படி ஒருவரை வேண்டுமென்றே காயப்படுத்துவது குற்றம். தீயாலோ, சூடான பொருளாலோ, ஆயுதத்தாலோ காயப்படுத்தினால் 118-ஆவது பிரிவு. அதற்குத் தண்டனை இன்னும் அதிகம். இந்தப் பிரிவுகள் ஆண், பெண் எல்லோருக்கும் பொது.

1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில், கொடுமையைக் காரணம் காட்டிக் கணவனும் விவாகரத்துக் கேட்கலாம். குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் பேசலாம்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர், தொழிற்சாலைத் தொழிலாளர், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத் திறனாளிகள் ஆகிய ஆண்களுக்கும் இலவச வக்கீல் உண்டு.

இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உடனே ஆபத்து என்றால் 112.

மனம் உடைந்து போனால் 14416. இது அரசின் டெலி மானஸ் சேவை. 2022-இல் தொடங்கியது. இரவும் பகலும் பேசலாம். தமிழிலும் பேசலாம். காசு இல்லை.

சட்ட உதவிக்கு 15100.

நண்பர்களே! உங்கள் தோழர் ஒருவர் இப்படி ஒரு துயரத்தைச் சொன்னால் சிரிக்காதீர்கள். “நீயும் நாலு போடு” என்று ஏற்றி விடாதீர்கள். அவர் திருப்பி அடித்தால் வீட்டில் இன்னொரு காயம்தான் கூடும். அவர் பக்கத்தில் உட்காருங்கள். சொல்வதைக் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள்.

அந்தத் தொழிலாளி என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? இன்னும் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பார்க்கிறார். மனைவி ஆலோசகரிடம் போய் வருகிறார். இருவரும் சேர்வார்களா, பிரிவார்களா என்பது இனிமேல்தான் தெரியும். ஆனால் அவர் உயிரோடு இருக்கிறார். தறிக்குப் போகிறார். இரவில் தூங்குகிறார்.

அவர் வாய் திறந்து சொன்னார். ஒருவர் சிரிக்காமல் கேட்டார். அதனால்தான் இது நடந்தது.

அடி வாங்குவது வெட்கம் அல்ல. சொல்லுங்கள். உதவி உண்டு.