வறிய குடும்பமும் நேரடிப் பண உதவியும்





ரமழான் நெருங்கும்போது நமது ஊர்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. ஸகாத் பணத்தை ஏழையின் கையில் பணமாகவே கொடுப்பதா, அல்லது அரிசியாகவும் மாவாகவும் சேலையாகவும் மாற்றிக் கொடுப்பதா? பணமாகக் கொடுத்தால் வீணாக்கிவிடுவார்கள், வெற்றிலைக்கும் சிகரெட்டுக்கும் போய்விடும், மனைவியிடம் கொடுத்தால் கணவன் பறித்துக்கொள்வான் என்றெல்லாம் நம்மில் பலர் அஞ்சுகின்றனர். இந்த அச்சம் சரியானதா என்பதை நாம் ஊகித்துத் தீர்மானிக்க வேண்டிய தேவை இல்லை. வறிய கிராமத்துக் குடும்பங்களுக்குப் பணத்தை நேரடியாகக் கொடுத்து, அதன் பின்னர் அவர்களுடைய வாழ்வில் நிகழ்ந்தவற்றை வீடு வீடாகச் சென்று விசாரித்துப் பதிவு செய்திருக்கின்றார்கள். அது நடந்தது கிழக்கு ஆபிரிக்காவில் உள்ள கென்யாவில்.

கென்யாவின் மேற்கே, விக்டோரியா ஏரியை அண்டியதாக சியாயா என்ற மாவட்டம் இருக்கின்றது. மண் சுவரும் புல்வேய்ந்த கூரையும் கொண்ட வீடுகள், சிறிதளவு சோளப் பயிர், சில கோழிகள், கிடைக்கும் நாளில் கூலிவேலை. இதுவே அங்குள்ள வறிய குடும்பங்களின் வாழ்வு. அம்மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். அவர்களுக்கு உதவிய 'கிவ் டிரெக்ட்லி' என்ற நிறுவனமும் ஸகாத் நிறுவனம் அன்று. ஆயினும் ஒழுகும் கூரையின் கீழ் பிள்ளைகளுடன் விழித்திருக்கும் தாயின் துன்பம் எல்லா ஊரிலும் ஒன்றுதானே!

அந்த நிறுவனம் ஏழைகளைத் தெரிவு செய்த முறை மிக எளிமையானது. கூரை புல்லா, தகரமா என்று பார்த்தார்கள். புல்லாக இருந்தால் அக்குடும்பம் வறியது என்று கொண்டார்கள். கென்யாவில் 2007ஆம் ஆண்டு முதல் 'எம்-பெசா' என்ற கையடக்கத் தொலைபேசிப் பணச் சேவை இயங்கி வருகின்றது. பணம் அதன் வழியாகவே அனுப்பப்பட்டது. தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். அருகிலுள்ள முகவர் கடைக்குச் சென்று பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். வரிசை இல்லை, மேடை இல்லை, புகைப்படமும் இல்லை. 'இதற்குத்தான் செலவிட வேண்டும்' என்ற நிபந்தனையும் விதிக்கப்படவில்லை.

2011, 2012ஆம் ஆண்டுகளில் நடந்த முதலாவது ஆய்வில் சில குடும்பங்களுக்கு 25,200 கென்ய ஷில்லிங்கும், வேறு சில குடும்பங்களுக்கு 95,200 ஷில்லிங்கும் வழங்கப்பட்டன. சிலருக்கு மொத்தமாகவும் சிலருக்கு மாதாந்தமாகவும் கொடுத்தார்கள். சில வீடுகளில் மனைவிக்கும் சில வீடுகளில் கணவனுக்கும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பதைச் சீட்டுப்போடுவது போல் தீர்மானித்ததால், விளைவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது சாத்தியமாயிற்று.

அந்த விளைவுகளைச் சற்று நிதானமாகக் கேளுங்கள். மது, புகையிலை ஆகியவற்றுக்கான செலவு அதிகரிக்கவில்லை. நாம் முதலில் அஞ்சும் விடயம் அங்கே நடக்கவே இல்லை. உணவுக்குச் செலவு கூடியது. உண்ணாமல் உறங்கும் நாட்கள் குறைந்தன. பலர் புற்கூரையை அகற்றிவிட்டுத் தகரக் கூரை போட்டார்கள். இதனை ஆடம்பரம் என்று எண்ணிவிடாதீர்கள். புற்கூரையை அடிக்கடி திருத்த வேண்டும். அதற்குப் புல்லும் கூலியும் வேண்டும். ஏழை தனது ஏழ்மைக்காகவே ஆண்டுதோறும் வரி கட்டுவதைப் போன்றது அது. ஒரு தடவை தகரம் போட்டுவிட்டால் அந்தச் செலவு நின்றுவிடுகின்றது. மிஞ்சும் பணம் வீட்டுக்கு வருகின்றது. ஒரு கிலோ சோள மாவுக்கே வழியில்லாத குடும்பத்தினால் தகரத்துக்கான மொத்தப் பணத்தை ஒருபோதும் சேர்க்க முடிந்திருக்காது. பணம் மொத்தமாக வந்ததனாலேயே அது நடந்தது.

வேறு சிலர் மாடு, ஆடு வாங்கினார்கள். சிறு வியாபாரம் தொடங்கினார்கள். அவற்றிலிருந்து வருமானம் கூடியது. மாதாந்தம் பெற்ற குடும்பங்களில் உணவு நிலை சீரடைந்தது. மொத்தமாகப் பெற்ற குடும்பங்களில் கூரையும் நீடித்த பொருட்களும் வந்தன. மனக்கவலை குறைந்தது. பணம் கணவனிடம் சென்றாலும் மனைவியிடம் சென்றாலும், மனைவியை அடித்துத் துன்புறுத்துவது குறைந்தது. இந்த விடயத்தை நமது ஆண்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாமே மாறிவிட்டது என்று சொல்வதும் நேர்மையன்று. பிள்ளைகளின் கல்வியில் அந்தக் குறுகிய காலத்தில் பெரிய மாற்றம் காணப்படவில்லை. உதவி கிடைக்காத அயலவரின் மனதில் குறை ஏற்பட்டதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை.

பின்னர் அதே சியாயாவில், 653 கிராமங்களை உள்ளடக்கி மிகப் பெரிய அளவில் இது செய்யப்பட்டது. 2014 முதல் 2017 வரை 10,500க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா ஏறத்தாழ 1,000 டொலர் கொடுக்கப்பட்டது. இவ்வளவு பணம் ஒரு பிரதேசத்தில் இறங்கினால் கடைகளில் விலை ஏறிவிடும் என்று வியாபாரத்தில் அனுபவமுள்ளவர்கள் சொல்வார்கள். விலை ஏறியது; ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே ஏறியது. மறுபுறம், உதவி பெறாத அயல் குடும்பங்களின் வருமானமும் செலவும்கூட உயர்ந்தன. ஏனெனில் தகரம் வாங்கியவர் தச்சனுக்குக் கூலி கொடுத்தார். தச்சன் கடையில் சாமான் வாங்கினான். கடைக்காரர் ஒரு பையனை வேலைக்கு வைத்தார். கொடுத்த பணம் அந்தப் பிரதேசத்தில் இரண்டு மடங்குக்கும் அதிகமான பொருளாதாரப் பயனைத் தந்ததாகக் கணக்கிட்டார்கள். நாம் கொழும்பிலிருந்து லொறியில் அரிசி மூட்டைகளை ஏற்றிச் செல்லும்போது, கிராமத்துக் கடைக்காரருக்கு இந்த வியாபாரம் கிடைப்பதில்லை என்பதையும் இங்கே சிந்தியுங்கள்.

தாய்மார்களே! இனி வருவது உங்களுக்குரியது. அந்தக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2025ஆம் ஆண்டு வெளியாயிற்று. பணம் பெற்ற குடும்பங்களில், ஒரு வயது நிறைவதற்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. கையில் பணம் இருந்ததால் கர்ப்பிணித் தாய் கடைசி மாதங்களில் வயலில் பாரமான வேலை செய்யாமல் ஓய்வெடுத்தாள். வீட்டில் பிரசவிக்காமல் வைத்தியசாலைக்குச் சென்றாள். வைத்தியரும் வைத்தியசாலையும் அருகில் இருந்த இடங்களிலேயே இந்த நன்மை கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே பணம் வைத்தியசாலைக்குப் பதிலாகாது. ஆனால் வைத்தியசாலை வாசல் வரை செல்லும் வலிமையை அது ஒரு தாய்க்குக் கொடுத்தது.

இப்போது நமது ஸகாத்துக்கு வருவோம். ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரை அல்குர்ஆன் ஸூரத்துத் தவ்பாவின் 60ஆம் வசனத்தில் குறிப்பிடுகின்றது. 'ஏழைகளுக்கு' என்று அங்கு வரும் சொல்லில் உடைமையாக்குதல் என்ற பொருள் அடங்கியிருப்பதாக ஷாபிஈ மத்ஹப் அறிஞர்கள் விளக்கியுள்ளனர். இதனையே 'தம்லீக்' என்பர். கொடுத்த கணத்தில் அந்தப் பணம் ஏழையின் சொந்த உடைமையாகி விடுகின்றது. அதனை எப்படிச் செலவிடுவது என்று கட்டளையிடும் உரிமை கொடுத்தவருக்கு இல்லை. ஸகாத் எந்தப் பொருளில் கடமையாயிற்றோ அந்தப் பொருளையே கொடுப்பதும் அந்த மத்ஹபின் அடிப்படையாகும். எவ்வளவு கொடுப்பது என்பதிலும் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தெளிவாகப் பேசுகின்றார்கள். தொழில் தெரிந்தவனுக்குத் தொழிற்கருவியோ அதன் விலையோ, வியாபாரிக்கு முதலோ, அவன் மீண்டும் கையேந்தாத அளவுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே அவர்கள் எடுத்துரைக்கும் கருத்து. ஆனால் நாம் செய்வதென்ன? நூறு பேருக்குத் தலா 2,000 ரூபா கொடுத்து, அடுத்த ரமழானிலும் அதே நூறு பேரையும் அதே வாசலில் நிறுத்துகின்றோம். பத்துப் பேருக்குத் தலா 20,000 ரூபா கொடுத்தால் மற்றத் தொண்ணூறு பேர் மனம் நோவார்களே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கென்யாவிலும் அது எழுந்தது. ஆண்டுதோறும் வேறு பத்துக் குடும்பங்கள் என்று ஊரறிய முறைவைத்துக்கொண்டால் அந்த மனவருத்தம் பெருமளவு தணியும் என்பது எனது கருத்து. உழைக்க இயலாத முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் மாதாந்த உதவியே பொருத்தம். உழைக்கக்கூடிய இளம் குடும்பத்துக்கு மொத்தமாகக் கொடுப்பதே பயன் தரும்.

கொடுக்கும் முறையும் முக்கியம். 2020ஆம் ஆண்டு மே 21ஆம் திகதி, கொரோனாக் காலத்து ரமழானில், கொழும்பு மாளிகாவத்தையில் பணம் பகிரப்பட்ட இடத்தில் ஏற்பட்ட நெரிசலில் மூன்று பெண்கள் உயிரிழந்தார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கொடுத்தவரின் எண்ணத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் தெருவில் திரள வேண்டிய அவசியம் என்ன? வங்கிக் கணக்கும் கையடக்கத் தொலைபேசியும் இன்று கிராமங்களுக்கும் வந்துவிட்டன. வலது கை கொடுப்பதை இடது கை அறியாதவாறு கொடுப்பது பற்றி நாம் எத்தனை பயான்கள் கேட்டிருக்கின்றோம்! அதற்கு இவ்வளவு எளிய வழி முன்னோர்களுக்குக் கிடைத்ததில்லை.

அரசாங்கமும் இந்த வழியிலேயே செல்கின்றது. 2023 ஜூலையில் ஆரம்பிக்கப்பட்ட 'அஸ்வெசும' திட்டத்தின் கீழ் பணம் நேரடியாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்குச் செல்கின்றது. 2025 ஜனவரி முதல் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாவும், மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாவும் என உயர்த்தப்பட்டது. தகுதி இருந்தும் பட்டியலில் பெயர் வராதவர்கள் பலர் இருக்கின்றார்கள். படிவம் நிரப்பத் தெரியாததும் மேன்முறையீடு செய்யும் வழி அறியாததும் அதற்குக் காரணமாகலாம்.

இளைஞர்களே, உங்கள் மஹல்லாவில் அப்படிப்பட்ட வீடுகள் எவை என்று இந்த வாரமே விசாரியுங்கள். பிரதேச செயலகத்துக்கு அவர்களுடன் செல்லுங்கள், படிவத்தை நிரப்பிக் கொடுங்கள், வங்கிக் கணக்குத் திறக்க உதவுங்கள். பணம் வந்த பின்னர், அதனை என்ன செய்தீர்கள் என்று மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள்.