யார் வந்தார்கள், யார் வரவில்லை?

(மேற்குத் தாம்பரத்தில், கட்டற்ற மென்பொருளுக்குத் தமிழில் வழிகாட்டிப் பக்கங்கள் எழுதிவரும் வாலிபர்களும் தொழிலாளரும் கூடிய ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு.)



கம்ப்யூட்டர் விஷயம் பேச, பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட எங்களை ஏன் அழைத்தார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். சங்க ஆபீசில் நடந்த ஒரு சம்பவம்தான் அதற்குக் காரணம்.

எங்கள் ஆபீசில் இருப்பது ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் லினக்ஸ் ஓடுகிறது. 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்து, பல தேசத்தவரும் சேர்ந்து வளர்த்தது அது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். சந்தாக் கணக்கு முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான். ஒருநாள் இரவு அது எழுந்திருக்க மறுத்துவிட்டது. கருப்புத் திரையில் இரண்டு ஆங்கில வார்த்தைகள் நின்றன, அவ்வளவுதான். மறுநாள் காலை கமிட்டியில் கணக்கு வைக்க வேண்டும். கைபேசியை எடுத்து, இந்த வாலிபர்களின் பக்கங்களில் "கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை" என்று தேடினோம். ஒன்றும் அகப்படவில்லை. நடுராத்திரியில் அவர்களில் ஒருவரை எழுப்பினோம். அவர் சேலையூரிலிருந்து வந்து, ஒரு பென் டிரைவில் இருந்த லினக்ஸைக் கொண்டு பெட்டியை எழுப்பி, கணக்கைப் பத்திரமாக எடுத்துக் கொடுத்தார். "இதை நாங்கள் விளக்கமாக எழுதியிருக்கிறோமே, தோழர்!" என்று பக்கத்தையும் காட்டினார். கடைசி அத்தியாயத்தில் இருந்தது. தலைப்பு: "துவக்க ஏற்றிப் பழுதுநீக்கல்."

கதை அதோடு முடியவில்லை. ஒரு மாதம் கழித்து அதே வாலிபர்கள், எந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கெடுத்து, பக்கங்களை மாற்றி அடுக்கப்போவதாகச் சொன்னார்கள். யாரும் எட்டிப் பார்க்காத பக்கங்களை நீக்கிவிடுவதாகவும் உத்தேசம். நீக்க வேண்டியவற்றின் பட்டியலில் முதலில் நின்றது எது தெரியுமா? அந்தத் துவக்க ஏற்றிப் பக்கம்தான்!

எழுதியவர் வரிசை

கணக்கெடுத்து அடுக்குவது நல்ல காரியம். அதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு யந்திரத்தைச் செய்தவன் அதைப் பற்றி எழுதினால், தான் செய்த வரிசையில்தான் எழுதுவான்: முதலில் சரித்திரம், பிறகு அமைப்பு, பிறகு உறுப்புகளின் பெயர்கள். படிக்க வருபவனோ கையில் ஒரு கஷ்டத்தோடு வருகிறான். ரிங் பிரேமில் இழை அறுந்து நிற்கும் சைடரிடம், மில்லுக்கு அஸ்திவாரம் போட்ட கதையைச் சொன்னால் கேட்டுக்கொண்டிருப்பாரா?

நம் மாகாணத்தில் இதை வெகுகாலம் முன்பே உணர்ந்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்த அவர் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தார். இங்கிலாந்து சென்று அங்குள்ள நூலகங்களைச் சுற்றிப் பார்த்துத் திரும்பினார். புஸ்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, உபயோகத்துக்கு என்றார். வாசகரே அலமாரிக்குச் சென்று எடுக்கும்படி திறந்துவிட்டார். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருபவனுக்கு அந்த விதியின் அருமை தெரியும்.

நூலகருக்கு இரவல் நோட்டு உண்டு. இணையப் பக்கத்துக்கு என்ன உண்டு? பக்கங்களை வைத்திருக்கும் யந்திரமே ஒரு குறிப்பேடு எழுதுகிறது. யாராவது பக்கத்தைத் திறந்தால் ஒரு வரி: எந்த நேரம், எந்தப் பக்கம், எந்த எண்ணுள்ள இணைப்பிலிருந்து, கிடைத்ததா இல்லையா. கிடைத்தால் 200 என்று எழுதும். அப்படிப் பக்கமே இல்லையென்றால் 404. இந்த 404 வரிகள் எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டன. இல்லாத கதவை எத்தனை பேர் தட்டினார்கள் என்று யந்திரமே சாட்சி சொல்கிறது! தேடிய வார்த்தைகளையும் சேர்த்து வைத்தால் இன்னும் நல்லது. வாலிபர்கள் "உள்ளீட்டு முறை" என்று எழுதியிருக்கிறார்கள். வந்தவர்கள் தேடியதோ "தமிழ் டைப்பிங்". தூய சொல் பக்கத்துக்குள் இருக்கட்டும். வாசலில் ஜனங்களின் சொல்லையும் எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். கொஞ்சம் விவாதம் நடந்தது. பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

எண்ணிக்கை சொல்லாதது

ஆனால் எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடலாகாது. வருகிறவர்கள் எல்லோரும் மனிதர்களே அல்ல. தேடுபொறிக் கம்பெனிகளின் யந்திரங்களும் ஓயாமல் வந்து பக்கங்களைத் திறக்கின்றன. அவற்றைக் கழிக்க வேண்டும். 2003 முதல் நடந்துவரும் தமிழ் விக்கிப்பீடியாவின் பக்க வருகைக் கணக்கு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதில் இந்த யந்திரங்களைத் தனியே பிரித்துக் காட்டுகிறார்கள். அடுத்து, ஒரு பக்கத்தில் ஒருவர் வெகுநேரம் இருந்தார் என்றால் ரசித்துப் படித்தார் என்று அர்த்தமா? புரியாமல் விழித்துக்கொண்டும் இருந்திருக்கலாம்.

குறைவாகத் திறக்கும் பக்கத்தின் விஷயம் இன்னும் முக்கியம். மில்லில் மணல் வாளி தொங்குகிறது. வருஷம் முழுவதும் யாரும் தொடுவதில்லை. தொடவில்லையே என்று எடுத்துவிட்டால், தீப்பிடித்த அன்று என்ன செய்வது? எங்கள் சந்தாக் கணக்குக்கு அந்தத் துவக்க ஏற்றிப் பக்கம் மணல் வாளி. தவிரவும், அங்கே ஜனங்கள் வராததற்குக் காரணம் தேவையின்மை அல்ல. தேடியவர்களுக்கு வழி அகப்படவில்லை. நாங்களே வரவில்லையே!

வராதவர்களை எந்த நோட்டும் காட்டாது. 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில், ஓய்வுபெற்ற என்ஜினீயர் எஸ்.வி.கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டு வண்டியில் புஸ்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். நூலகத்தின் வருகை நோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் அந்த வண்டி கிளம்பியிருக்காது. வயல் வேலை முடித்து இருட்டில் வீடு திரும்புபவர் எந்த நோட்டில் கையெழுத்துப் போடுவார்?

ஆகவே வாலிபர்களிடம் ஒன்று கேட்டோம்: ஒரு தொழிலாளி பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், அவர் தேடுவதைப் பாருங்கள். மெப்ஸில் வேலை செய்யும் ஒரு சகோதரி தன் கைபேசியில் தேடினார். சிறிய திரை. மேலே ஒரு பெரிய படம், அதன் கீழே எங்களைப் பற்றி, எங்கள் நோக்கம்! விஷயத்துக்கு வருவதற்குள் அவர் கட்டைவிரல் சலித்துவிட்டது. எழுதிய வாலிபர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்று இரவே படத்தை எடுத்துவிட்டார்.

இன்னொரு விஷயம். எண்ணப்படுவது நமக்குப் புதிதல்ல. கேட்டில் விரல் ரேகை வைத்துத்தான் உள்ளே போகிறோம். யார் எண்ணுகிறார்கள், யாருக்காக என்பதுதான் கேள்வி. கூகுளின் கணக்கெடுப்புச் சாதனத்தைப் போட்டால் வருகிறவர் விவரம் அந்தக் கம்பெனிக்கும் போகிறது. ஒரு வலைத்தளம் அதை உபயோகித்தது ஐரோப்பிய சட்டத்துக்கு விரோதம் என்று ஆஸ்திரிய அதிகாரிகள் சொன்ன தீர்ப்பு 2022-ல் வெளியாயிற்று. மட்டோமோ என்று ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. அதை நம் யந்திரத்திலேயே வைத்து, இணைப்பு எண்ணின் பாதியை மறைத்து எண்ணலாம். எத்தனை பேர் என்று தெரிந்தால் போதும்; இன்னார் என்று தெரிய வேண்டியதில்லை.

பக்கங்களை இடம் மாற்றும்போது பழைய முகவரியை அழித்துவிடாதீர்கள். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகும், பழகிய கால் கோயம்பேட்டுக்கே போயிற்று. மூட்டை முடிச்சோடு நின்றவர்களைப் பார்த்தோம். பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய இடத்துக்குத் தானே கொண்டுவிடும்படி ஒரே வரியில் யந்திரத்துக்குச் சொல்லிவிடலாமாம்.

அந்தப் பக்கம் இப்போது நீக்கும் பட்டியலில் இல்லை. "கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா?" என்ற தலைப்போடு முதல் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு வாலிபர்கள் முடிச்சூர்ப் பக்கம் விவசாயத் தொழிலாளர் குடியிருப்புக்கு வருகிறார்கள். கைபேசியில் தமிழ் எழுத முடியாமல் கஷ்டப்படுகிறவர்கள் போனைச் சார்ஜ் போட்டுக் கொண்டுவாருங்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.