பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிப்பதா, பாடசாலைக்கு அனுப்புவதா?

(இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எங்கட கேஸ் முடியும் மட்டும் பிள்ளையை வீட்டில வைச்சுப் படிப்பிச்சா என்ன?" புதிதாக வந்த பலர் எங்களிடம் கேட்கிற கேள்வி இது. பதிலைச் சட்டத்திலிருந்து தொடங்குவோம்.

5 வயது தொடக்கம் 16 வயது வரையான பிள்ளைக்கு முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. அதைப் பாடசாலையிலும் கொடுக்கலாம், வேறு வழியிலும் கொடுக்கலாம். ஆகவே வீட்டுக் கல்வி சட்டவிரோதம் இல்லை.

ஆனால் பிள்ளை வீட்டில் சும்மா இருப்பது வீட்டுக் கல்வி ஆகாது. என்ன படிப்பிப்பது என்பதை நீங்கள்தான் திட்டமிட வேண்டும். புத்தகச் செலவு உங்களுடையது. ஜீ.சி.எஸ்.ஈ. பரீட்சைக்கு இடம் தேடுவதும் கட்டணம் கட்டுவதும் உங்கள் பொறுப்பு. படிப்பு ஒழுங்காக நடக்கவில்லை என்று கவுன்சில் கருதினால், பாடசாலையில் சேர்க்கும்படி கட்டளையிடலாம். ஒரே அறையில், கிழமைக் காசை எண்ணிச் செலவழிக்கிற குடும்பத்துக்கு இது லேசான வேலை இல்லை.

அரசாங்கப் பாடசாலையில் கட்டணம் இல்லை. தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஹோம் ஒபிஸின் அசைலம் சப்போட் பெறும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு இலவசம். ஆங்கிலம் தெரியாது என்று பயப்படாதேயுங்கோ. பொதுவாக வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்ப்பார்கள். மற்றப் பிள்ளைகளோடு பேசிப் பழகும்போதுதான் மொழி கெதியாய் வரும்.

"பள்ளிக்கூடத்தில சேர்த்தா ஹோம் ஒபிஸுக்குத் தெரிஞ்சிடுமோ?" என்று சிலர் யோசிக்கிறீர்கள். தஞ்சம் கேட்டபோதே பிள்ளைகளின் பெயரையும் கொடுத்துவிட்டீர்கள். படிக்க அனுப்புவதால் கேஸ் கெட்டுப்போகாது.

இனிச் செய்ய வேண்டியவை:

1. நீங்கள் இருக்கும் இடத்துக் கவுன்சிலின் பாடசாலை அனுமதிப் பிரிவிடம் விண்ணப்பப் படிவம் கேளுங்கோ. ஆண்டு நடுவிலும் விண்ணப்பிக்கலாம்.

2. 15 பாடசாலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் வரவேண்டும். இடம் மறுத்தால் மேன்முறையீடு செய்யும் உரிமை உண்டு. கடிதத்தை எறியாமல் எங்களிடம் கொண்டு வாருங்கோ.

3. "இடமில்லை, வீட்டில வைச்சுப் படிப்பியுங்கோ" என்று யாராவது சொன்னால், வீட்டுக் கல்வியை விரும்பித் தெரிவுசெய்ததாக எதிலும் கையெழுத்து வைக்காதேயுங்கோ. பிறகு உங்களுக்கு இடம் தேவையில்லை என்று எண்ணிவிடுவார்கள்.

4. வேறு ஊருக்கு மாற்றினால், அங்குள்ள கவுன்சிலுக்கு உடனே புதிதாக விண்ணப்பியுங்கோ.

இன்னுமொன்று. லோயரிடமும் டொக்டரிடமும் மொழிபெயர்க்கப் பிள்ளையை வகுப்பிலிருந்து மறிக்காதேயுங்கோ. மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று முன்கூட்டியே கேளுங்கோ.

வீட்டில் படிப்பிக்க வேண்டியதும் இருக்கிறது: தமிழ். பின்னேரம் அரை மணித்தியாலம் பிள்ளையோடு இருந்து தமிழ் வாசியுங்கோ. அன்று வகுப்பில் என்ன நடந்தது என்று தமிழிலேயே கேளுங்கோ. அதைப் பாடசாலை செய்யாது, நீங்கள்தான் செய்யலாம்.

கேஸ் முடிய மாதங்களும் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். பிள்ளையின் வயது அதற்காகக் காத்திருக்காது. இந்தக் கிழமையே படிவத்தை நிரப்புங்கோ. நிரப்பத் தெரியாவிட்டால் எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கோ, சேர்ந்து நிரப்புவோம்.