கணக்கும் கணினியும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய இரயில்வே எழுத்தன் நான். பயன்பாட்டுக் கணிதமும் கணினியியலும் சேர்ந்த பட்டப்படிப்பை என் மகள் விரும்பியபோது, "கணினி போதாதா? கணக்கு எதற்கு?" என்று தடுத்தேன். அவள் என் தொழிலைக் கொண்டே எனக்கு விளக்கினாள்.

பாலக்காடு–பொள்ளாச்சி ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் வண்டிகளுள் ஒன்று நிலையத்தில் ஒதுங்கியே தீரவேண்டும். எதனை முன்னே விடுவது? பத்து வண்டிகளை வரிசைப்படுத்த 36,28,800 வழிகள் உண்டு. பதினொன்றாயின் அத்தொகை பதினொரு மடங்காகும். ஒவ்வொன்றாய் எண்ணப் புகுந்தால், வண்டிகள் பெருகப் பெருக விரைந்த கணினியும் திணறும். பயனற்ற வழிகளை எண்ணாமலே கழிக்கும் நெறியைக் கணினிக்குத் தருவது கணிதமே.

ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. இராசாராமன், 1965இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கணினியியல் படிப்பைத் தொடங்கினார். 1963இல் அங்கு வந்த ஐ.பி.எம். 1620 பொறி வழக்கொழிந்தது. அதனை இயக்கிய கணிதம் ஒழியவில்லை. 2015 முதல் நம் பாலக்காட்டிலும் அத்தகைய கழகம் ஒன்று இயங்குகிறது.

பாடம் எளிதன்று. முதற்பருவத்தில் என் மகள் கணிதத்தாள் ஒன்றில் தவறினாள், அழுதாள், மீண்டும் எழுதித் தேறினாள். அன்று, "நான் சொன்னேனே" என்று கூறாதிருந்ததே நான் அவளுக்குச் செய்த ஒரே உதவி.

பெற்றோர்களே! கணக்கை விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். பெண் பிள்ளையாயினும் தடுக்காதீர்கள். பொறிகள் மாறும், கற்ற கணிதம் கைவிடாது.