உயிரணு மறந்தால் குலை பொய்க்கும்



ஜொகூர் மாநிலம் சிகாமட் மாவட்டத்தில், ரயில் பாதையோரமாக அமைந்த சிற்றூர் பெக்கோக். ஒரு பக்கம் எண்டாவ் ரொம்பின் பெருங்காடு. மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்பனை. அங்கே குலை அறுக்கப் போகும் தொழிலாளி முதலில் மரத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. குனிந்து தரையைப் பார்க்கிறார். மரத்தடியில் பழம் உதிர்ந்து கிடந்தால் குலை பழுத்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகுதான் அரிவாள் மேலே போகிறது.

அந்தப் பழம் ஏன் உதிர்ந்தது? காற்றடித்து விழவில்லை. பழத்தின் அடியில் மெல்லிய அடுக்காக இருக்கும் உயிரணுக்கள், தங்களைச் சேர்த்து ஒட்டியிருந்த பசையைத் தாங்களே கரைத்துக்கொள்கின்றன. பிடி தளர்கிறது, பழம் விழுகிறது. தோட்டத்து வேலையே உயிரணுவின் முடிவைப் பார்த்துத்தான் நடக்கிறது. பள்ளிக்கூடப் பாடம் என்று நாம் ஒதுக்கி வைத்த உயிரணு, நம் வீட்டு வருமானத்தோடு இவ்வளவு நெருக்கமாக இருக்கிறது.

சரி, உயிரணு எப்படி வேலை செய்கிறது? தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. விடியற்காலைப் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். செக்ரோல் புத்தகத்தில் எல்லாருடைய பெயரும் இருக்கிறது. ஆனால் இன்று யார் குலை அறுப்பது, யார் மருந்தடிப்பது, யார் உரம் போடுவது என்பதை மண்டோர் சொல்கிறார். பெயர் இருப்பது வேறு, வேலை கிடைப்பது வேறு.

உயிரணுவும் அப்படியே. வேர், இலை, பூ, பழம் எங்கிருந்து எடுத்தாலும் ஒரு மரத்தின் உயிரணுக்களில் ஒரே மரபணுப் புத்தகம்தான் உள்ளது. எந்த மரபணுவுக்கு இன்று வேலை, எதற்கு ஓய்வு என்பதில்தான் இலையும் பூவும் வேறுபடுகின்றன. வேலை கிடைத்த மரபணுவின் கட்டளை பிரதியெடுக்கப்பட்டு, ரிபோசோம் என்னும் நுண் தொழிற்சாலைக்குப் போகிறது. அங்கே புரதம் தயாராகிறது. அந்தத் தொழிற்சாலையின் வடிவத்தைக் கண்டு சொன்னதற்காகத்தான் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் மேலும் இருவரோடு சேர்ந்து 2009-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

யாருக்கு ஓய்வு என்று குறிப்பவற்றுள் முக்கியமானது மீத்தைல் என்னும் மிகச் சிறிய வேதிக் குறி. அது டிஎன்ஏ இழையின் மேல் ஒட்டிக்கொள்கிறது. எழுத்து மாறுவதில்லை, எழுத்தின் மேல் ஒரு முத்திரை விழுகிறது, அவ்வளவுதான். உயிரணு இரண்டாகப் பிரியும்போது முத்திரையும் பிரதியெடுக்கப்பட்டுப் புது உயிரணுவுக்குப் போகிறது. இதை உயிரணுவின் ஞாபகம் என்று சொன்னால் தவறில்லை.

இந்த ஞாபகம் தப்பினால் என்ன ஆகும்? அதற்கான விடை நம் நாட்டுச் செம்பனையிலேயே கிடைத்தது.

1917-ல் கோலசிலாங்கூரில் உள்ள தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியது மலேசியாவின் செம்பனை வணிகம். செம்பனைக்கு ஒரு சங்கடம் உண்டு. வாழையைப்போல் அது பக்கக்கன்று விடுவதில்லை. நல்ல மரம் ஒன்று இருந்தால், அதே மாதிரி இன்னொன்றை விதையிலிருந்து உறுதியாகப் பெற முடியாது. ஆகவே 1970-களில் ஆய்வாளர்கள் திசு வளர்ப்பில் இறங்கினார்கள். சிறந்த மரத்தின் விரியாத இளங்குருத்தை எடுத்து, சிறு துண்டுகளாக வெட்டி, கண்ணாடிக் குடுவையில் ஊட்டம் கொடுத்து வளர்த்தார்கள். இலையாக இருந்த உயிரணு, தான் இலை என்பதை மறந்து, மறுபடியும் கருவாகிக் கன்றாக முளைத்தது. தாயை உரித்து வைத்த பிள்ளைகள்! விளைச்சல் பெருகும் என்று எல்லாரும் நம்பினார்கள்.

கன்றுகள் செழிப்பாகவே வளர்ந்தன. இலையில் குறையில்லை, தண்டில் குறையில்லை. இரண்டு மூன்று ஆண்டு கழித்துப் பூத்தபோதுதான் அதிர்ச்சி. சில மரங்களில் பூவின் ஆண் உறுப்பு வரவேண்டிய இடத்தில் சூலகம்போன்ற உறுப்புகள் முளைத்திருந்தன. பழத்தைச் சுற்றிச் சதைத் துண்டுகள் போர்வைபோல் மூடியிருந்தன. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மரங்களில் பழம் முற்றாமலேயே குலை அழிந்தது. இந்தக் கோளாறைப் பற்றி 1986-ல் தோட்டத்துறை இதழில் விரிவான கட்டுரை வந்தது. திசு வளர்ப்புக் கன்றுகளைப் பெருமளவில் நடும் வேகம் அதோடு தடைப்பட்டது.

தாயும் பிள்ளையும் ஒரே மரபணுப் புத்தகம் என்றால், பிள்ளைக்கு மட்டும் எப்படிக் கோளாறு வந்தது? ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் விடை கிடைக்கவில்லை.

2015 செப்டம்பரில் உலகப் புகழ்பெற்ற நேச்சர் இதழில் அந்த விடை வெளியானது. பண்டார் பாரு பாங்கியில் இருக்கும் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து கண்டது அது. கட்டுரையின் முதல் பெயர் மெய்லினா ஓங் அப்துல்லா. அந்த முயற்சியில் முன்னின்றவர்களில் ரஜிந்தர் சிங்கும் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தியும் உண்டு. மலாய், சீன, இந்தியப் பெயர்கள் ஒரே தாளில் அணிவகுத்து நின்றதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அவர்கள் கண்டது இதுதான். பூவின் ஆண் உறுப்பை உருவாக்கும் ஒரு மரபணுவின் நடுவே, எப்போதோ வந்து குடியேறிய டிஎன்ஏ துண்டு ஒன்று இருக்கிறது. இடம் விட்டு இடம் தாவக்கூடிய இத்தகைய துண்டுகளை முதலில் சோளத்தில் கண்டவர் பார்பரா மெக்ளின்டாக். அதற்காக 1983-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. செம்பனையில் உள்ள துண்டின் பெயரைக் கேட்டால் வியப்பீர்கள். அதன் பெயர் கர்மா! ஜப்பானியர்கள் நெல்லில் இதன் இனத்தைக் கண்டபோது வைத்த பெயர் அது.

இயல்பான மரத்தில் கர்மாவின் மேல் மீத்தைல் முத்திரை இருக்கிறது. அதனால் கட்டளை வாசிக்கப்படும்போது அந்தத் துண்டு கழிக்கப்பட்டு, முழுக் கட்டளையும் ஒழுங்காக வெளியே வருகிறது. குடுவையில் வளரும் காலத்தில் சில உயிரணுக்களில் இந்த முத்திரை உதிர்ந்துவிடுகிறது. அப்போது கட்டளை பாதியிலேயே திசைமாறி, வெட்டுப்பட்ட நிலையில் வருகிறது. ஆண் உறுப்பு வரவேண்டிய இடத்தில் சூலகம் முளைக்கிறது. முத்திரை இருந்தால் நல்ல கர்மா, போனால் கெட்ட கர்மா என்று ஆய்வாளர்களே பெயரிட்டார்கள். கோளாறான சில மரங்கள் ஆண்டுகள் கழித்துத் தாமாகவே சரியாவதுண்டு. அவற்றைச் சோதித்தபோது முத்திரையும் திரும்ப வந்திருந்தது. எழுத்து அழியவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதனால் யாருக்கு என்ன லாபம்? முன்பெல்லாம் நட்டு, உரம் போட்டு, பூக்கும் வரை காத்திருந்தால்தான் கோளாறு தெரியும். இப்போது சிறு கன்றின் இலையில் ஒரு துணுக்கு போதும். மண்ணில் ஊன்றுவதற்கு முன்பே நல்லதையும் கெட்டதையும் பிரித்துவிடலாம்.

இதற்கு முன், 2013-ல், இதே குழு செம்பனையின் மரபணுப் புத்தகத்தையே வாசித்து முடித்தது. 34,802 மரபணுக்கள் என்று கணக்குச் சொன்னார்கள். பழத்தின் ஓட்டுத் தடிமனைத் தீர்மானிக்கும் மரபணுவையும் அப்போதே கண்டார்கள். தடித்த ஓடுள்ளது டூரா. ஓடே இல்லாதது பிசிபெரா. இரண்டும் கலந்து பிறக்கும் மெல்லிய ஓட்டுச் செம்பனை தெனெரா. டூராவைவிடத் தெனெரா சுமார் 30 விழுக்காடு அதிக எண்ணெய் தரும்.

பெக்கோக் பக்கம் ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் ஒரு சிறுதோட்டக்காரரை எண்ணிப் பாருங்கள். விலை மலிவு என்று யாரோ கொண்டுவந்த கன்றை வாங்கி நடுகிறார். பாலிபேக்கில் இருக்கும்போது டூராவும் தெனெராவும் ஒரே மாதிரிதான் தெரியும். குலை தள்ளி, பழத்தை வெட்டிப் பார்த்தால்தான் ஓடு தெரியும். அதற்குள் மூன்று ஆண்டு உழைப்பு மண்ணுக்குள் போய்விட்டது. வெட்டிப் போடவும் மனம் வராது. வைத்திருந்தால் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நட்டம். பெரிய தோட்ட நிறுவனம் இதைத் தாங்கும். பிள்ளையின் படிப்புச் செலவுக்குக் குலையை நம்பியிருக்கும் குடும்பம் தாங்குமா? ஆகவே கன்று வாங்குவோர், வாரியத்தின் உரிமம் பெற்ற நாற்றங்காலில் வாங்க வேண்டும். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். நாலு வெள்ளி மிச்சம் பார்த்து நாலாயிரம் இழக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. இருக்கும் நிலத்திலேயே அதிக எண்ணெய் கிடைத்தால், எண்டாவ் ரொம்பின் போன்ற காடுகளின் பக்கம் கோடரி போக வேண்டிய தேவை குறையும். ஆனால் அறிவியல் வழியைத்தான் காட்டும். கோடரியை நிறுத்துவது சட்டமும் மனிதர் மனமும்தான்.

மனித உடலிலும் இதே மீத்தைல் முத்திரைகள்தான். புற்றுநோய் உயிரணுக்களில் இவை இடம் மாறியும் உதிர்ந்தும் கிடப்பதை மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செம்பனைக் கன்றுக்குக் கிடைத்த பாடம் மனிதனுக்கும் பொருந்தும்: என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது மட்டுமல்ல, எது வாசிக்கப்படுகிறது என்பதும் முக்கியம்.

தோட்டத்துப் பிள்ளை என்றால் அரிவாள்தான் என்று ஒரு காலத்தில் தலையில் எழுதிவிட்டதாகச் சொன்னார்கள். அதே செம்பனையை நுண்ணோக்கியில் பார்க்கும் கையும் நம் வீட்டிலிருந்து வரலாம். அடுத்த முறை மரத்தடியில் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கும்போது, அது ஏன் விழுந்தது என்று பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் கேளுங்கள். விடை தெரியாவிட்டால் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து தொடங்கட்டும்.