ஜப்திக்கும் எல்லை உண்டு
(சாத்தான்குளம் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அமீனா வருகிறார் என்றதும் வீட்டைப் பூட்டிவிட்டுத் தேரிக்காட்டுப் பக்கம் ஓடுகிறோம். ஓட வேண்டாம். முதலில் அவர் கையிலுள்ள காகிதத்தைப் பார்ப்போம்.

புரோநோட்டை ஆட்டிக்கொண்டு வந்து ஆட்டை அவிழ்த்துப் போக எந்த லேவாதேவிக்காரருக்கும் உரிமை கிடையாது. வழக்குப் போட்டு டிக்ரி வாங்க வேண்டும். அதை நிறைவேற்ற மறுபடியும் மனுப் போட வேண்டும். பிறகுதான் ஜப்தி, ஏலம்.

1908-ம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டம் வெள்ளைக்காரன் போட்டதுதான். ஆனாலும் அதன் 60-வது பிரிவைக் கேளுங்கள். உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, கைத்தொழிலாளியின் கருவி, பிழைப்புக்கு வேண்டிய உழவு மாடு, விதை நெல் எதையும் தொடக்கூடாது. விவசாயியும் கூலிக்காரரும் குடியிருக்கும் சொந்த வீட்டையும் தொடக்கூடாது. கூலி பணமானாலும் நெல்லானாலும் அப்படியே. "எதையும் ஜப்தி செய்யலாம்" என்று கைநாட்டு வாங்கியிருந்தாலும் செல்லாது. அடமானம் வைத்த வீடு மட்டும் வேறு கதை. அங்கே இந்தப் பாதுகாப்பு இல்லை.

ஜெயில் என்று மிரட்டுவார்கள். பணக் கடன் டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. ஆண்களுக்கும், இல்லாமை ஒன்றுக்காகச் சிறை கூடாது என்று 1980-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் 1957 கேரள மந்திரிசபையில் சட்ட மந்திரியாயிருந்த கிருஷ்ணய்யர். கையில் வைத்துக்கொண்டு கொடுக்க மறுப்பவருக்கு இது பொருந்தாது.

நாம் பெரும்பாலும் தோற்பது சம்மனுக்கு ஒளிந்துகொள்வதால்தான். எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகிவிட்டால், தகுந்த காரணம் காட்டி ரத்துக்கு மனுப் போட 30 நாள்தான் தவணை. காகிதம் வந்திருப்பவர்கள் கூட்டம் கலைந்ததும் போய்விடாதீர்கள்; உட்கார்ந்து தேதியைப் பார்ப்போம்.