மூலிகை அறிந்த கையில் எழுதுகோலும் வேண்டும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

    

புண்ணையும் வீக்கத்தையும் ஆற்றும் மூலிகைகள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். கல்விக் கழகத்தின் மேடையில் மருந்துச் செடிகளுக்கு என்ன வேலை என்று இளைஞர் சிலர் எண்ணக்கூடும். கல்விக்கும் மூலிகைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதனை எடுத்துக்காட்டுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

நம் தாம்பரத்திலிருந்தே தொடங்குகிறேன். சானடோரியம் என்னும் பெயரே மருத்துவத்தால் வந்த பெயர். காசநோயாளிகளுக்காக டாக்டர் சௌரி முத்து 1928ஆம் ஆண்டில் இங்கு நிறுவிய நலவாழ்வு இல்லம் அப்பெயரைத் தந்தது. அதே பகுதியில் 2005ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறந்து வைக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் மருத்துவமனை யார் பெயரைத் தாங்கி நிற்கிறது? அயோத்திதாசப் பண்டிதரின் பெயரை! நாள்தோறும் மின்சார ரயிலில் அவ்வழியே செல்லும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதனை அறிவர்?

பண்டிதரை (1845–1914) நாம் பௌத்தராகவும், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கிய ஆசிரியராகவும், சாதி இழிவை எதிர்த்த சிந்தனையாளராகவும் போற்றுகிறோம். அவர் நோயாளியின் நாடி பார்த்து மருந்து கொடுத்த சித்த மருத்துவரும் ஆவார். மருந்து அறிவும் எழுத்தறிவும் ஒரே மனிதரிடத்தில் கூடியிருந்தன என்பதனை மனத்தில் கொள்ளுங்கள்.

இனிப் பொருளுக்கு வருவோம். உடலில் அடிபட்டால் அவ்விடம் சிவக்கிறது; சூடேறுகிறது; வீங்குகிறது; வலிக்கிறது. இதனை அழற்சி என்கிறோம். சித்த மருத்துவர் தாபிதம் என்பர். அழற்சி உடலின் பகையன்று. சிறு இரத்தக் குழாய்கள் விரிந்து, வெள்ளணுக்கள் அவ்விடம் சென்று, கிருமிகளையும் சிதைந்த திசுவையும் அகற்றும் வேலையே அது. அவ்வேலை முடிந்தபின் புதுத் தசை வளர்ந்து தோல் மூடுகிறது. அழற்சி தணியாமல் நீடித்தால்தான் புண் ஆறாமல் நிற்கும். அளவு மீறிய அழற்சியைத் தணிப்பது, கிருமியை அடக்குவது, புதுத் தசை வளரத் துணைசெய்வது ஆகிய மூன்றுமே புண்மருந்தின் கடமைகளாகும்.

நம் அடுக்களையில் உள்ள மஞ்சளை எடுத்துக்கொள்வோம். அதன் நிறத்திற்குக் காரணமான குர்குமின் என்னும் பொருள், அழற்சியைத் தூண்டும் சில நொதிகளின் செயலைக் குறைப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. குர்குமின் நீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். நம் பாட்டிமார் மஞ்சளை எண்ணெயில் குழைத்துச் சூடேற்றித் தடவியதன் பொருத்தம் இப்போது விளங்குகிறதன்றோ? சாறு, குடிநீர், தைலம் என்று மருந்து வடிக்கும் முறைகளை முன்னோர் வகுத்தனர். செடியில் உள்ள பொருள் எதில் இறங்குமோ அதிலேயே அதனை இறக்க வேண்டும் என்பது இன்றைய வேதியியலும் கூறும் பாடமாகும்.

அடுத்தது வல்லாரை. இதில் உள்ள ஏசியாட்டிகோசைடு என்னும் பொருள், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் உருவாகத் துணைசெய்வதாக ஆய்வாளர் கூறுவர். மடகாஸ்கர் தீவின் வல்லாரையிலிருந்து எடுத்த சாரத்தைக் கொண்டு பிரெஞ்சுக்காரர்கள் ‘மடேகசால்’ என்னும் புண்மருந்தைச் செய்து விற்றனர். நம் ஏரிக்கரையில் படர்ந்து கிடக்கும் கீரை, கடல் கடந்த நாட்டில் மருந்துக்கடைச் சரக்காயிற்று!

மூன்றாவது, வெட்டுக்காயப் பூண்டு. வெள்ளையும் மஞ்சளுமாய்ப் பூக்கும் இச்சிறு செடி பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கங்களில் சாலையோரமெங்கும் முளைத்திருக்கும். இதனைத் தாத்தாப்பூச் செடி என்று சிறுவர் விளையாடுவர். அரிவாளால் கை அறுபட்டால் இதன் இலையைக் கசக்கிச் சாற்றைப் பிழிவது உழவுத் தொழிலாளரின் வழக்கம். எலிகளின் மீது நம் நாட்டு ஆய்வாளர் நடத்திய சோதனைகளில், புண் ஆறுவதற்கு இது துணைசெய்வதாகக் கண்டனர்.

இதில் நாம் பெருமையுடன் எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. இச்செடி நம் நாட்டுக்கு உரியதன்று; அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து பிற்காலத்தில் வந்தேறியது. ஆகவே இதன் பயனைப் பழஞ்சித்தர் ஏடுகள் நமக்குச் சொல்லியிருக்க முடியாது. நாற்று நட்டும் கதிர் அறுத்தும் கையில் காயம்பட்ட மக்கள், புதிதாய் வந்த ஒரு களையைத் தாமே தடவிப் பார்த்து, பலன் கண்டு, பெயரும் இட்டனர். சோதித்து அறிவது படித்தவர்க்கு மட்டுமே உரியது என்போர்க்கு இச்செடியின் பெயரே விடையாகும்.

எனினும் ஓர் எச்சரிக்கை. பசுமையானதெல்லாம் பாதுகாப்பானதன்று. சித்த மருத்துவத்தில் ஆறாப் புண்ணுக்கு வழங்கும் மத்தன் தைலம் ஊமத்தை இலைச்சாறு, தேங்காயெண்ணெய், மயில்துத்தம் ஆகியவற்றால் ஆவது. ஊமத்தையோ கொடிய நஞ்சு. அதனைத் தகுதி பெற்ற மருத்துவரின் மேற்பார்வையிலேயே, வெளிப்பூச்சாகவே கையாள வேண்டும். அழுக்கு மண்ணும் சாணமும் பட்ட காயத்தில் டெட்டனஸ் என்னும் இசிவு நோய்க் கிருமி புகும். அதனைத் தடுக்க ஊசிதான் வழி. நீரிழிவு உடையவரின் காலில் தோன்றும் சிறு கொப்புளமும் காலையே பறித்துவிடக்கூடும். ஆழ்ந்த வெட்டு, சீழ் வைத்த புண், பாம்புக் கடி ஆகியவற்றுக்கு இலை தேடி நேரம் போக்காதீர்கள். அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள். கூலி போய்விடுமே என்று புண்ணுடன் வேலைக்குச் செல்லும் நம் தந்தையர்க்கு இதனை எடுத்துச் சொல்வது படித்த பிள்ளைகளின் கடமையாகும்.

இனி, கல்விக்கும் மூலிகைக்கும் உள்ள தொடர்பைக் கூறுகிறேன். 1995ஆம் ஆண்டில், மஞ்சளால் புண்ணாற்றும் முறைக்கு அமெரிக்க அரசு காப்புரிமை வழங்கியது. அதனைப் பெற்றவர்கள் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்தவர்கள். நம் நாட்டின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு 1996இல் அதனை எதிர்த்தது. இந்திய நாட்டில் குழந்தைக்கும் தெரிந்த செய்திதானே என்றால் அது வழக்கில் நிற்கவில்லை. பிற நாட்டு மக்களின் வாய்வழி அறிவும் வழக்கமும் அன்றைய அமெரிக்கச் சட்டத்தின்படி சான்றாகா. எழுத்தில், அச்சில் வந்ததே சான்றாகும். எனவே பழைய நூல்களிலிருந்தும் அச்சான கட்டுரைகளிலிருந்தும் முப்பதுக்கு மேற்பட்ட சான்றுகளைத் திரட்டிக் காட்டினர். 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த கட்டுரையும் அவற்றுள் ஒன்று. 1997இல் அக்காப்புரிமை செல்லாது என முடிவாயிற்று.

தோழர்களே! எழுதி வைத்தவர் வென்றனர். எழுதப்படாத அறிவின் கதி என்ன? 2001ஆம் ஆண்டு முதல் நடுவணரசு ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களின் மருந்து முறைகளை மரபறிவு மின்னூலகத்தில் திரட்டி வருகிறது. நூலில் ஏறாத அறிவை நூலிலிருந்து திரட்ட இயலுமா? பேறு பார்த்த மூதாட்டியர், மாட்டுப் புண்ணுக்கு மருந்திட்டோர், களத்து மேட்டில் காயம் கட்டியோர் ஆகியோரின் அறிவு அவர்களுடனேயே சுடுகாடு சென்றுவிடுகிறது. பள்ளிக்கூட வாயிலை நம் முன்னோர்க்கு அடைத்து வைத்ததனால் விளைந்த இழப்பு இது. தம் பாட்டனார் கந்தப்பன், வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டினை எல்லிஸ் துரையின் கைக்குச் சேர்ப்பித்ததை அயோத்திதாசர் எழுதி வைத்தார். எழுதி வைத்ததனாலன்றோ இன்று நாம் அதனைப் பேசுகிறோம்!

ஆகவே இளைஞர்களிடம் இரண்டு வேண்டுகோள். முதலாவதாக, ஆளுக்கொரு குறிப்பேடு வையுங்கள். உங்கள் தெருவில் உள்ள முதியோரிடம் சென்று செடியின் பெயர், பயன்படும் உறுப்பு, மருந்து வடிக்கும் முறை, பலன் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். பலிக்காததையும் மறையாமல் எழுதுங்கள். சொன்னவரின் பெயரை, அவர் இசைவுடன், தலைப்பில் இடுங்கள். இரண்டாவதாக, அறிவியல் பாடத்திற்கு அஞ்சாதீர்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்று நீட் தேர்வில் தகுதி பெறுவோர்க்கு 7.5 விழுக்காடு இடங்களைத் தமிழ்நாட்டின் 2020ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியுள்ளது. சித்த மருத்துவப் பட்டப் படிப்பும் அதில் அடங்கும். நம் கழகத்து மாணவ மாணவியர் அவ்விடங்களில் அமர வேண்டும்.

பண்டிதரின் பெயர் தாங்கிய மருத்துவமனைக்குள் நம்மவர் நோயாளியாக மட்டும் நுழைந்தால் போதாது. மருத்துவராகவும், செடியின் சாரத்தை அளந்து சோதிக்கும் ஆய்வாளராகவும் நுழைய வேண்டும். கழகத்தின் பொன்விழா மலரில் அத்தகையோர் தம் கையால் கட்டுரை எழுதுவாராக என வாழ்த்தி விடைபெறுகிறேன்.